முதுகுக்குப் பின்னால் மூன்று விநாடி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் கல்வியைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் அழகாகப் பேசிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது உள்ளங்கை அளவுள்ள பொருள். சைக்கிளில் மாட்டும் பின்பார்வைக் கண்ணாடி. "இதைப் பேசவா ஒருவரை மேடை ஏற்றினார்கள்?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன ஒரு பாடம் பெர்ன்ஹில் ஏற்றத்தில் உயிரைக் காக்கும் பாடமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நம் மலையில் மறுபடியும் சைக்கிள் பெருகியிருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் ஊட்டியில் சைக்கிள் வைத்திருப்பவனைப் பார்த்து, "ஏண்டா, ஓட்டுறதுக்கா, தள்ளிக்கிட்டுப் போறதுக்கா?" என்று கேட்பார்கள். இன்று கியர் சைக்கிள் வந்துவிட்டது. 2008-இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' பயணத்தில் வருகிறவர்கள் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறுகிறார்கள். அவர்களைப் பார்த்து நம் பிள்ளைகளுக்கும் ஆசை வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் பயணக் குழுவில் வருகிறவருக்கு முன்னும் பின்னும் துணை வண்டி உண்டு. மஞ்சனக்கொரையில் இருந்தும் பெர்ன்ஹில்லில் இருந்தும் தனியாக வருகிற பையனுக்குப் பின்னால் வருவது என்ன? மஞ்சூர் பஸ், முத்தோரை பாலாடாவில் இருந்து கேரட் ஏற்றிய பிக்கப் வண்டி, வழி தெரியாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டே வரும் சுற்றுலாக் கார்.

சமவெளியில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக் காதுதான் பாதிக் கண்ணாடி. பின்னால் லாரி வந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். நம் ஊரில் அந்தக் காதை நாமே மூடிவிடுகிறோம். குரங்குக் குல்லாய், அதன்மேல் மப்ளர். போதாக்குறைக்கு, டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் உருட்டிவரும் மகாராசர்கள் சிலர் இருக்கிறார்கள். அது பிரேக்குக்கும் ஆபத்து, பக்கத்தில் போகிறவனுக்கும் ஆபத்து. சத்தமே இல்லாமல் முதுகுக்கு வந்துவிடும். மின்சார வண்டிகளும் இப்போது பெருகிவிட்டன. ஆகவே காதை நம்பி மலையில் சைக்கிள் ஓட்ட முடியாது.

மோட்டார் வாகனத்துக்குப் பின்பார்வைக் கண்ணாடி சட்டப்படி கட்டாயம். மிதிவண்டி மோட்டார் வாகனம் அல்ல. அதனால் அதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. மோதினால் அடிபடுகிறவனுக்குத்தான் கண்ணாடி விருப்பப் பொருளாக இருக்கிறது! மத்திய அரசு வெளியிட்ட 2022-ஆம் ஆண்டின் சாலை விபத்து அறிக்கையைப் பாருங்கள். அந்த ஒரே ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளை வகைபிரித்தபோது முதலிடம் பிடித்தது பின்னால் இருந்து வந்து மோதும் வகைதான். மொத்தத்தில் ஐந்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் மேல். இது எல்லா வாகனங்களுக்குமான கணக்கு. சைக்கிள்காரனுக்கு முதுகில் பம்பரும் கிடையாது, தகடும் கிடையாது.

சரி, கண்ணாடி வேண்டும். கடைக்குப் போகிறோம். கடைக்காரர் நாலைந்து வகையை எடுத்துப் போடுகிறார். நாம் எதைப் பார்த்து வாங்குகிறோம்? பளபளப்பாக இருக்கிறதா, அகலமாகத் தெரிகிறதா, விலை எவ்வளவு என்று பார்க்கிறோம். "இதுல ரோடு முழுசும் தெரியுதுங்க" என்கிறார் கடைக்காரர். அங்கேதான் சிக்கல். ரோடு முழுவதும் தெரிகிற கண்ணாடிதான் தூரத்தில் அதிகமாகப் பொய் சொல்லும்.

பழைய பாடத்துக்கு வாருங்கள். ஆடி மூன்று வகை: சமதள ஆடி, குழி ஆடி, குவி ஆடி. குழி ஆடி வருவதை ஒரு கோட்டில் சேர்க்கும். அதன் மாபெரும் உதாரணம் நம் முத்தோரையிலேயே இருக்கிறது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அமைத்து 1970-இல் முடித்த ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள ஓர் ஆடிதான். கண்ணாடிக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பிகள், அவ்வளவே வித்தியாசம். விண்ணில் இருந்து வரும் மெல்லிய ரேடியோ அலையைத் திரட்டித் தருகிறது. குவி ஆடி இதற்கு நேர் எதிர். திரட்டாது, விரிக்கும். பரந்த இடத்தைச் சின்ன வட்டத்துக்குள் அடைத்துக் காட்டும். அடைக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் சுருக்கத்தானே வேண்டும்? பஸ் சின்னதாகத் தெரியும். சின்னதாகத் தெரிவதை மனம் "தூரத்தில் இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு சுருக்கும்? ஆடிச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். மாணவர்கள் நோட்டில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஹேண்டில் பாரில் உள்ள கண்ணாடி நம் கண்ணில் இருந்து 60 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்கு 20 மீட்டர் பின்னால் ஒரு பஸ் வருகிறது. சமதள ஆடியில் அது 20 மீட்டரில் இருப்பதுபோலவே தெரியும். 1 மீட்டர் வளைவு ஆரம் உள்ள குவி ஆடியில் ஏறக்குறைய 45 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். 30 செ.மீ. ஆரம் உள்ள, நன்றாகப் புடைத்த சின்னக் கண்ணாடியில் ஏறக்குறைய 100 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும்.

இதை நேரக் கணக்காக மாற்றுங்கள். பெர்ன்ஹில் ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதிக்கும் பையன் மணிக்கு 8 கி.மீ. போகிறான். பஸ் 32 கி.மீ. வேகத்தில் வருகிறது. வித்தியாசம் 24 கி.மீ., அதாவது விநாடிக்கு ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 20 மீட்டரை அது மூன்று விநாடியில் கடந்துவிடும். ஆனால் 1 மீட்டர் ஆரக் கண்ணாடியைப் பார்த்தவன் ஏழு விநாடி இருக்கிறது என்று நினைப்பான். புடைத்த கண்ணாடியைப் பார்த்தவன் பதினைந்து விநாடி இருக்கிறது என்று நினைப்பான். எதிரே ஒரு குழி. பதினைந்து விநாடி தாராளம் என்று வலது பக்கம் ஒடிக்கிறான். உண்மையில் அவனிடம் இருப்பது மூன்று விநாடி.

காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: இதில் தெரியும் பொருள்கள் தெரிவதைவிட அருகில் இருக்கின்றன என்று. அமெரிக்காவில் இதற்கு விதியே உண்டு. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி சமதளமாக இருக்க வேண்டும். பயணி பக்கத்தில் குவி ஆடி வைத்தால் அதன் வளைவு ஆரம் 889 மி.மீ.க்குக் குறையக்கூடாது, எச்சரிக்கையும் பொறிக்க வேண்டும். நாலு பக்கமும் இரும்பால் சூழப்பட்ட காருக்கு இவ்வளவு கவனம்.

"அப்படின்னா சமதளக் கண்ணாடியே வாங்கிடலாமே?" என்று கேட்பீர்கள். அதிலும் ஒரு குறை இருக்கிறது. 8 செ.மீ. அகலமுள்ள சமதளக் கண்ணாடி, 60 செ.மீ. தள்ளி ஹேண்டில் பாரில் இருந்தால், 30 மீட்டர் பின்னால் சுமார் 4 மீட்டர் அகலத்தைத்தான் காட்டும். உண்மையைக் காட்டும், ஆனால் சாவித் துவாரம் வழியாகக் காட்டும். அதோடு ஏற்றத்தில் யாருடைய ஹேண்டிலும் நேராக நிற்காது. மிதிக்கு மிதி ஆடும். ஹேண்டில் 3 டிகிரி திரும்பினால் கண்ணாடிப் பார்வை 6 டிகிரி திரும்பும். 30 மீட்டரில் அது 3 மீட்டர் விலகல். ஒரு மிதியில் பஸ் தெரியும், அடுத்த மிதியில் தேயிலைச் செடி தெரியும். 1 மீட்டர் ஆரக் குவி ஆடி அதே அளவில் சுமார் 9 மீட்டர் அகலம் காட்டும், ஆட்டத்தைத் தாங்கும்.

ஆகவே முதல் முடிவு: ஹேண்டில் பாரில் மாட்டுவதென்றால் மெல்லிய வளைவுள்ள குவி ஆடி. ஆரம் 1 மீட்டருக்குப் பக்கமாக இருக்கட்டும். ஆரத்தை அட்டையில் போடுவதில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது? பையில் இருக்கும் ஸ்டீல் ஸ்கேல் போதும். ஸ்கேலின் விளிம்பைக் கண்ணாடியின் நடுவில் பட வைத்து, இரண்டு ஓரத்திலும் இடைவெளி சமமாக வரும்படி பிடியுங்கள். 8 செ.மீ. அகலக் கண்ணாடியில் ஓர இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஆரம் 1 மீட்டரை ஒட்டி இருக்கிறது. இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டினால் அது 30 செ.மீ. ஆரக் கண்ணாடி, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்கேல் இல்லையா? நண்பனைப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றையும் இதையும் ஒரே தூரத்தில் பிடித்து, அவனை இரண்டிலும் பாருங்கள். பாதி உயரமாவது தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, காம்பு. 1911-இல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 மைல் கார்ப் பந்தயத்தில் ரே ஹாரூன் தன் காரில் ஒரு பின்பார்வைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டி வென்றார். கார்ப் பந்தய வரலாற்றில் புகழ்பெற்ற கண்ணாடி அது. ஆனால் செங்கல் பாவிய அந்தத் தடத்தில் கண்ணாடி அதிர்ந்த அதிர்ச்சியில் உருப்படியாக எதுவும் தெரியவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னதாகச் சொல்வார்கள். மழைக்காலம் முடிந்த நம் சாலைகளும் அந்தத் தடத்துக்குச் சளைத்தவை அல்ல. நீளமான மெல்லிய காம்பு அழகாக இருக்கும், ஆனால் நடுங்கும். காம்பு குட்டையாக, பிடிப்பு உலோகத்தில், திருகு இறுக்கமாக இருக்கட்டும். மொபெட் கண்ணாடியைச் சாதாரண சைக்கிளில் மாட்டிக்கொள்கிறவர்கள் காம்பைக் குட்டையாக வெட்டித் தரச் சொல்லலாம். சைக்கிள் கடைக்காரர் செய்து தருவார்.

மூன்றாவது, இடம். நாம் சாலையின் இடது ஓரம் போகிறவர்கள். நம்மைத் தாண்டுகிறவர் வலப்பக்கமாகத் தாண்டுகிறார். கண்ணாடி வலது கைப்பக்கம்தான். அழகுக்காக இரண்டு பக்கமும் மாட்டுவது அவரவர் விருப்பம். ஹேண்டில் முனையில் செருகும் குட்டிக் கண்ணாடிகள் இப்போது நிறைய வருகின்றன. அவை கண்ணில் இருந்து அதிகம் தள்ளி இருக்கும், அளவும் சிறியது, அந்தக் குறையை ஈடுகட்ட அதிகமாகப் புடைத்திருக்கும். மேலே சொன்ன மூன்று விநாடிக் கணக்கு அவற்றுக்குத்தான் முதலில் பொருந்தும். ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மாட்டியபின், சீட்டில் ஏறி ஓட்டுகிற நிலையில் உட்கார்ந்து சரிசெய்யுங்கள். உள் ஓரத்தில் உங்கள் முழங்கை நுனி கொஞ்சம் தெரியட்டும். அது தெரிந்தால்தான் கண்ணாடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு வகை, ஹெல்மெட்டிலோ மூக்குக்கண்ணாடிச் சட்டத்திலோ மாட்டுவது. பார்க்க வேடிக்கையாக இருக்கும். கல்லூரியில் நாலு பேர் கேலி செய்வார்கள். ஆனால் கணக்கு அதன் பக்கம்தான் நிற்கிறது. இரண்டரை செ.மீ. அகலமுள்ள சமதள ஆடி, கண்ணில் இருந்து 7 செ.மீ. தூரத்தில் இருந்தால், 30 மீட்டர் பின்னால் 10 மீட்டருக்கு மேல் காட்டும். ஒரு பகுதியை நம் காதே மறைத்துவிடும், மீதி போதும். சுருக்காமல், பொய் சொல்லாமல் காட்டும். ஹேண்டில் ஆடினாலும் அது ஆடாது. தலையைக் கொஞ்சம் அசைத்தால் சாலை முழுவதையும் துழாவலாம். சில நாள் பழக்கம் வேண்டும். முதலில் தலைசுற்றுவதுபோல இருக்கும். தினமும் நீண்ட தூரம் போகிறவருக்கு என் சிபாரிசு இதுதான். ஆனால் குல்லாயும் மப்ளரும் கட்டினால் மாட்டும் இடம் மறையும். அதற்குத் தகுந்தபடி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பின்னால் வண்டி வருவதை 140 மீட்டருக்கு முன்பே சொல்லும் ரேடார் விளக்குகளும் இப்போது வந்துவிட்டன. நல்ல கருவிதான். ஆனால் அவற்றில் பல ஏதோ வருகிறது என்று சொல்லுமே தவிர, வருவது பஸ்ஸா ஸ்கூட்டரா, ஒதுங்கி வருகிறதா உரசி வருகிறதா என்று சொல்லாது. அதற்குக் கண் வேண்டும்.

இனி, கண்ணாடி எங்கே உதவும், எங்கே உதவாது? பலரும் இறக்கத்துக்குத்தான் கண்ணாடி தேவை என்று நினைக்கிறார்கள். மேட்டுப்பாளையம் இறக்கத்தின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இறங்கினால் விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. இறக்கத்தில் சைக்கிளும் வண்டியும் ஏறக்குறைய ஒரே வேகம், ஆபத்து முன்னால். வளைவில் திரும்பும்போது ஹேண்டில் கண்ணாடி நமக்குப் பின்னால் உள்ள சாலையைக் காட்டாது, மலைச்சுவரைத்தான் காட்டும். பனிமூட்டத்தில் வெள்ளைத் திரையைத்தான் காட்டும்; அப்போது பின்பக்கம் எரியும் சிவப்பு விளக்குத்தான் கண்ணாடியைவிடப் பெரிய காவல். கண்ணாடி வேலை செய்யும் இடம் ஏற்றம். நாம் மெதுவாக, ஆடிக்கொண்டு போகிறோம். பின்னால் வருகிறவர் நம்மைவிட மூன்று நான்கு மடங்கு வேகத்தில் வருகிறார். குழி, சாக்கடை மூடி, ஓரமாக நிறுத்திய தேயிலை லாரி என்று ஏதோ ஒன்றுக்காக வலப்பக்கம் நகர வேண்டியிருக்கிறது. அந்த ஒரு முடிவுக்காகத்தான் கண்ணாடி வாங்குகிறோம்.

அதற்கு ஒரு விதி சொல்கிறேன். என் பேச்சில் இது ஒன்றை மட்டும் எடுத்துப் போனாலும் போதும். கண்ணாடி "வண்டி வருது, நகராதே" என்று சொன்னால் உடனே நம்புங்கள். "யாரும் இல்லை, நகரலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். ஏனென்றால் குவி ஆடி சொல்லும் பொய் எப்போதும் ஒரே திசையில்தான் இருக்கும். ஆபத்தைக் குறைத்துத்தான் காட்டும், ஒருநாளும் கூட்டிக் காட்டாது. "திரும்பித்தான் பார்க்கணும்னா கண்ணாடி எதுக்கு?" என்று கேட்கலாம். ஏற்றத்தில் தலையைத் திருப்பினாலே சைக்கிள் வலப்பக்கம் இழுக்கும். கண்ணாடி இல்லாதவன் பத்துத் தடவை திரும்புகிறான். அதில் ஒரு தடவை பஸ் பக்கத்தில் இருக்கும்போது திரும்புகிறான். கண்ணாடி உள்ளவன், காலி என்று தெரிந்தபின் ஒரே ஒரு தடவை திரும்புகிறான். கண்ணாடி தரும் லாபம் அவ்வளவுதான். ஆனால் அது பெரிய லாபம்.

கண்ணாடியைக் கவசம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் புகழ்பெற்ற பிராசஸர்களை வடிவமைத்தவர்களில் ஒருவரும், அதன் இந்தியப் பிரிவின் தலைவராக இருந்தவருமான அவ்தார் சைனி, 2024 பிப்ரவரி 28 அன்று நவி மும்பையில் நண்பர்களோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்து வேகமாக வந்த வாடகைக் கார் மோதி இறந்தார். வயது 68. கண்ணாடி இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நேர்சாலையில் கட்டுமீறி வரும் காருக்கு முன்னால் எந்தக் கண்ணாடியும் ஒன்றும் செய்யாது. அந்தப் பொறுப்பு காரை ஓட்டுகிறவருடையது. இங்கே காரில் வந்திருக்கும் முன்னாள் மாணவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, இதைச் சொல்லிக்கொள்கிறேன். திரும்பிப் போகும் வழியில் ஏற்றத்தில் ஒரு சைக்கிள் தென்பட்டால், அந்தப் பையனுடைய கண்ணாடியில் உங்கள் கார் உண்மையில் இருப்பதைவிட இரண்டு மடங்கு தூரத்தில் தெரிகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒடிப்பான் என்று எதிர்பார்த்தே தாண்டுங்கள்.

மாணவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஒரு ஸ்டீல் ஸ்கேலும் மூன்று விதக் கண்ணாடிகளும் கொண்டு வந்திருக்கிறேன். டீ இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் வாருங்கள். யாராவது ஒருவர் இருபது மீட்டர் தள்ளிப் போய் நிற்கட்டும். மற்றவர்கள் மூன்று கண்ணாடியிலும் அவரைப் பார்த்து, எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அதன்பின் நாடா வைத்து அளந்து பார்ப்போம். ஏற்கெனவே கண்ணாடி மாட்டியிருக்கிறவர்கள் தங்கள் சைக்கிளையும் கொண்டு வரலாம், அளந்து சொல்கிறேன்.